கை எட்டாத தூரம்

என் மகளை நான் முதன்முதலில் அடித்தது, அவள் தெருவில் ஓடியதற்காக. அப்போது அவளுக்கு நாலு வயது. கடைசியாக அடித்தது, அவள் ஓடாததற்காக. அப்போது பதினாலு. நடுவில் இருந்த பத்து வருஷம் என் புத்தி எந்த ஊருக்குப் போயிருந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இதைச் சொல்ல வேண்டுமானால் உட்காருவது என்கிற வார்த்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது பெரிய காஞ்சிபுரத்தில், பட்டு நெய்கிற வீட்டில். எங்கள் தெருவில் உட்காருவது என்றால் வேலை செய்வது. தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு, விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே இருக்கிற மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். "உக்காந்துட்டாரா?" என்றால் நெய்ய ஆரம்பித்துவிட்டாரா என்று அர்த்தம். "இன்னைக்கு உக்காரல" என்றால் உடம்பு சரியில்லை, அல்லது வீட்டில் சாவு. மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட, "பையன் நல்லா உக்காருவானா?" என்றுதான் விசாரிப்பார்கள். எழுந்து நடக்கிறவன் வேலைவெட்டி இல்லாதவன், ஊர் சுற்றி.

அப்பா நன்றாக உட்காருவார். விடிந்ததும் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் தார் சுற்ற வேண்டும். குறுக்கு நூலை இங்கும் அங்கும் கொண்டுபோகிற மரக்கட்டை நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுகிற வேலை அது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம். எனக்கோ உட்காரவே வராது. தண்ணீர் குடிக்க எழுந்தால் தெருவுக்குப் போய்விடுவேன், தெருவுக்குப் போனால் கோயில் குளம் வரை போய்விடுவேன்.

"எங்கடி சுத்திக்கினு வர?"

கேள்வி காதில் விழுவதற்குள் அடி விழுந்துவிடும். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்கு நடுவில் செருகுகிற மூங்கில் குச்சியில் ஒன்று உபரியாக அவர் தொடைக்குக் கீழே எப்போதும் இருக்கும். கெண்டைக்காலில் அது விழுந்த இடம் முதலில் வெள்ளையாகி, அப்புறம் சிவந்து, அப்புறம் தடித்து எழும். அம்மா நடுவில் வந்தால் அவளுக்கும் இரண்டு. அதனால் அடுப்படியை விட்டு வரமாட்டாள்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. குழியிலிருந்து அவரால் சட்டென்று எழ முடியாது. அவர் கை எவ்வளவு தூரம் எட்டும், குச்சியோடு சேர்த்தால் எவ்வளவு தூரம் என்று எனக்கு அங்குலம் பிசகாமல் தெரியும். அந்தத் தூரத்துக்கு இரண்டடி தள்ளி நின்றுதான் அப்பாவோடு பேசுவேன். பாசம், பேச்சு, பரீட்சை மார்க், எல்லாம் அந்த இரண்டடிக்கு அப்பாலிருந்துதான்.

ஒரு நாள் அந்தக் கணக்கு தப்பியது. அன்று அவர் குச்சியை எடுக்கவில்லை, நாடாவை எடுத்து எறிந்துவிட்டார். நாடாவின் இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு உண்டு. அது என் இடது புருவத்துக்கு மேலே குத்தி, கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. நாலு தையல். போட்ட நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்றார்.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா."

அப்பா கதவுக்கு வெளியே நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அதுவும் நிஜம்தான். அடித்துவிட்டு அழுகிறவர் அவர். எனக்கு அந்த அழுகை அடியைவிட எரிச்சலாக இருந்தது.

எங்கள் வீட்டில் உடற்பயிற்சி என்று ஒன்று இருந்தது என்றால் இதுதான். அடிக்கிறவருக்குக் கைக்கு, வாங்குகிறவருக்குக் காலுக்கு. எனக்கு நல்ல பலன் கிடைத்தது. எட்டாம் வகுப்பு விளையாட்டு விழாவில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன். இரண்டாவதாக வந்தவள் எங்கேயோ பின்னால் இருந்தாள். பி.டி. டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருடி உனக்கு இப்படி ஓடக் கத்துக் குடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க அப்பா, டீச்சர்."

"அப்பான்னா இப்படி இருக்கணும்" என்று மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னார். நான் பொய் சொல்லவில்லையே.

பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தட்டை அப்பாவிடம் காட்டினேன், இரண்டடி தள்ளி நின்றுதான். தறியை நிறுத்தாமலே பார்த்தார்.

"எல்லார் எதிர்லயும் ஓடினியா?"

"ஆமாம்பா."

"வயசுக்கு வந்த பொண்ணு, பாவாடையத் தூக்கிக்கினு?"

அவர் கை தொடைக்குக் கீழே போவதைப் பார்த்தேன். தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது ஓட்டம், அதிலும் நான்தான் முதல். எனக்கு ஓடப் பிடிக்குமா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. பின்னால் யாரும் வராமல் நான் ஓடிப் பார்த்ததே இல்லை.

கல்யாணமானதும் ஓட்டம் நின்றது. கட்டிக்கொண்டவர் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கை நீட்டாத மனுஷன். தெருமுனை டீக்கடைக்குக்கூட ஆட்டோவில் போய்விட்டு ஆட்டோவில் வருகிறவர். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் தையல் மிஷினில் இருப்பேன். அதற்கு மோட்டார் மாட்டிய பிறகு என் காலுக்கு இருந்த கொஞ்ச வேலையும் போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான், மகள் கைக்குழந்தையாக இருந்த சமயத்தில், அப்பாவுக்குச் சுகர் வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வெளியூர்க்காரர்.

"நாள் பூரா என்ன பண்ணுவீங்க ஐயா?"

"உக்காந்துக்கினுதான் இருப்பேன் சார்" என்றார் அப்பா, பெருமையாக.

"காலையில?"

"காலையில உக்காந்தா சாயந்திரம்தான் சார் எழுந்திருப்பேன். ஞாயித்துக்கிழமைகூட உக்காருவேன்."

டாக்டர் சீட்டில் என்னவோ எழுதினார். "இப்படி உக்காந்தே இருந்தா எப்படிங்க? உடம்புக்கு ஏதாவது வேலை குடுக்கணும். எழுந்து நடங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. நாற்பது வருஷம் மிதித்த காலைப் பார்த்து, ஏதாவது வேலை செய் என்று ஒருவர் சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அப்பாவை ஒருவர் அதட்டியது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அவர் நடக்கவில்லை. "நான் இன்னா வேலைவெட்டி இல்லாதவனா, நடந்துக்கினு திரிய?" என்று மறுநாளே தறியில் உட்கார்ந்துவிட்டார். குழிக்குள் காலில் பட்ட காயம் அவருக்குத் தெரியவே இல்லை. விரல் கறுத்தது, பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலால் மிதிக்க முடியாது. குழிமேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அதை உட்காருவது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "சும்மா கெடக்கறேன்" என்பார். ஊன்றுகோல் எட்டுகிற தூரத்துக்கு யார் வந்தாலும் அடி விழும். ஒன்றரை வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

பேத்திமேல் மட்டும் அவர் கை வைத்ததில்லை. அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

நாலு வயதில் அவள் தெருவில் ஓடி, ஒரு பைக் மயிரிழையில் விலகிப் போனது. பயத்தில் முதுகில் இரண்டு வைத்தேன். "உக்காரு" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து அப்பாவின் குரலில் வந்தது. அப்புறம் அது நிற்கவில்லை. உக்காரு, படி. உக்காரு, எழுது. தெருவில் ஸ்கிப்பிங் ஆடினால் அடி, சைக்கிள் கேட்டால் அடி, துணி அளக்கிற மரஸ்கேலால். எட்டு வயதில் அவள் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தாள். "எவ்ளோ சமத்தா உக்காந்துக்கினு இருக்குது பாரு" என்று ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்குப் பூரிக்கும். பன்னிரண்டில் கையில் போன் வந்தது. அப்புறம் உட்காரு என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

பதினாலில் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய டாக்டரிடம் போகச் சொன்னார்கள். இந்த டாக்டர் ஒரு அம்மா.

"சுகர்னு இன்னும் சொல்ல முடியாது. வாசல்ல நிக்குது" என்றார். "வீட்ல யாராவது வாக்கிங் போவீங்களா?"

"அவரு ஆட்டோ ஓட்றாரு. நான் தைக்கிறேன்."

"அப்போ மூணு பேரும் உக்காந்துதான் இருக்கீங்க. முதல்ல பெரியவங்க எழுந்திரிங்கம்மா. உங்களைப் பார்த்து அது தானா எழுந்திருக்கும்."

முன்பாதி என் காதில் ஏறவில்லை. மேஜைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு கழன்று, பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று என் கண் தானாக அளந்தது.

மறுநாளிலிருந்து எழுப்ப ஆரம்பித்தேன். சுகர் வரப்போகிற வீடு என்று ராத்திரிக்குச் சப்பாத்தி. சப்பாத்திக்காக ஒரு கட்டை வாங்கினேன். கட்டைக்கு வேறு வேலையும் கிடைத்தது. விடிகாலையில் போர்வையை உருவுவேன், எழாவிட்டால் காலில் ஒன்று. முடியைப் பிடித்து மாடிப்படி வரை இழுத்துப் போயிருக்கிறேன். "மொட்டை மாடியில இருபது ரவுண்டு. சத்தம் கேக்கணும் எனக்கு" என்று கத்திவிட்டு, கீழே மிஷினில் உட்கார்ந்துகொள்வேன். மேலே தொம் தொம்மென்று காலடி கேட்கும். எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்படி ஒரு மாதம் போயிற்று. எடை மட்டும் இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் கரண்ட் போனது. மிஷின் நின்றதும் மேலேயிருந்து வந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அது நகரவே இல்லை. ஒரே இடத்தில் தொம், தொம், தொம். மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற மேடையில் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே, இரண்டு காலாலும் தரையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். அதே தாளம். அப்பா தறிக்குழிக்குள் மிதிப்பதை அவள் கண்ணால் பார்த்து நினைவிருக்க வழியில்லை. எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம்.

போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தேன்.

அவள் அழவில்லை. என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனாள். நான் பின்னால் போவதற்குள், மிஷின்மேல் வெட்டித் தைக்க வைத்திருந்த கல்யாணப் பெண்ணின் பட்டுத் துணியை எடுத்து, என் பெரிய கத்திரிக்கோலால் குறுக்கே வெட்டினாள். ஜரிகைக் கரையில் கத்திரி மாட்டியது. விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி முடித்தாள்.

"சின்ன வயசுல உக்காருன்னு அடிச்ச. இப்போ எழுந்திருன்னு அடிக்கிற. உனக்கு இன்னாதாம்மா வேணும்? அடிக்கணும், அவ்ளோதானே?"

கட்டை எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. தலைக்குத்தான் ஓங்கினேன். அவள் கையைக் குறுக்கே வைத்தாள். முழங்கைக்குக் கீழே பட்டு ஒரு சத்தம் வந்தது. அது மரத்தின் சத்தம் இல்லை. இரண்டாவது முறை ஓங்கியபோது அவள் ஓடினாள்.

அப்படி ஓடினாள் என் பெண். வெறுங்காலோடு, அடிபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி மாட வீதிக்கு ஓடினாள். நான் கட்டையோடு பின்னால் ஓடினேன். அடிப் பாவி, விடுடி அவள என்று யாரோ கத்தினார்கள். கோயிலுக்கு வந்த வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பட்டுக் கடை வாசல் வரை போனதும் எனக்கு மூச்சு அறுந்தது. குப்புற விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவள் நின்றிருந்தாள். ஓடிப் போய்விடவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. அவள் நின்ற தூரம் எனக்குத் தெரியும். என் கை, கையில் இருக்கிற கட்டை, அதற்கு மேல் இரண்டடி. அவளுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கட்டையக் கீழ போடு. வரேன்."

போட்டேன். என்னைச் சுற்றிக்கொண்டு வந்து முதலில் கட்டையை எடுத்தாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் குனிந்தாள். கட்டை அவள் நல்ல கையில், என் தலைக்கு மேலே. நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். நான் செய்யவில்லை, கைகள் தாமாகப் போய் மூடின. விரல் இடுக்கில் பார்த்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. கட்டையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, "எழுந்திரும்மா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எலும்பில் மயிர்போல ஒரு கோடு. கட்டுப் போட்டவர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் மகள்.

நான் கதவோரம் நின்று அழுதேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். இல்லை, நான்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அன்றும் வரவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அந்த வாரமே நான் நடக்க ஆரம்பித்தேன். அவளைக் கூப்பிடவில்லை. விழுந்ததில் வீங்கிய முழங்காலோடு, கோயிலைச் சுற்றி நாலு மாட வீதி. நாலாம் நாள் வெளியே வந்து பார்த்தால், மாவுக்கட்டோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் நடந்தாள். என்னைவிட வேகம். ஆனாலும் தூரம் கூடினால் மெதுவாக நடப்பாள், குறைந்தால் வேகமாக நடப்பாள். அவ்வப்போது திரும்பிப் பார்ப்பாள். தெற்கு மாட வீதியில் மட்டும் திரும்ப மாட்டாள். அங்கே மேற்கு பார்த்து நடப்போம். பின்னாலிருந்து காலை வெயில் அடிக்கும். என் நிழல் நீளமாகப் போய் அவள் பக்கத்திலேயே நடக்கும். அதனால் அவளுக்கு என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டு பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தத்தையும் பார்த்தார்கள். "வாசல்ல நின்னது திரும்பிப் போயிடுச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். என் கையைப் பிடித்து, "நான் சொன்னேன்ல? நீங்க நடந்தீங்க, உங்களைப் பார்த்து அதுவும் நடக்குது" என்றார். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். காலுக்கு ஒன்றும் வராது, காலுக்கு ஒன்றும் வராது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை தெற்கு மாட வீதியில் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பூக்கடைகள் திறந்துகொண்டிருந்தன. என் கொண்டை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. முடிவதற்காக வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

தரையில் என் நிழலின் கை உயர்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே பாய்ச்சலில் ஓடினாள். பூக்கூடைகளுக்கு நடுவே புகுந்து வீதி முனை வரை ஓடி, அங்கே நின்று, இரண்டு கையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"முடிதான்மா" என்றேன். "முடி கட்டத்தான்."

அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காது. கையை இறக்கித் தொங்கவிட்டேன். அவளுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். நானும் நடந்தேன். மாட வீதி முழுக்கத் தலைவிரிகோலமாகவே போனேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. வீடு வரும் வரை கையைத் தூக்கவில்லை.